வெள்ளி ராத்திரி ஸ்டேடியத்தில் ஊரே இருக்கிறது, செவ்வாய் மதியம் டென்னிஸுக்கு ஆறு பேர்: பயப்பட வேண்டாம்

போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார். டெக்சஸுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறதாம். மகளுக்கு ஹைஸ்கூல் டென்னிஸ் டீமில் இடம் கிடைத்திருக்கிறது. ஆபீஸில் சொல்லிவிட்டுக் கணவனும் மனைவியுமாகச் செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு மேட்ச் பார்க்கப் போயிருக்கிறார்கள். பார்க்க வந்தவர்கள் இவர்களையும் சேர்த்து ஆறு பேர். அதில் ஒரு பாட்டி புத்தகம் படித்துக்கொண்டிருந்தாராம். அந்த வெள்ளிக்கிழமையே அதே பள்ளியின் ஃபுட்பால் மேட்ச். கார் நிறுத்த இடமில்லை. "டென்னிஸ் டீமை இங்கே யாரும் மதிப்பதில்லையோ? வேறு விளையாட்டுக்கு மாற்றிவிடலாமா அண்ணா?" என்று கேட்கிறார்.

மாற்றாதீர்கள். டீமில் ஒரு குறையும் இல்லை. நானும் பதினான்கு வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் குழம்பினேன். கூட்டம் வருகிறதென்றால் ஆட்டத்தில் ஏதோ விசேஷம் இருக்க வேண்டும் என்றுதானே நமக்குத் தோன்றும். இரண்டு பிள்ளைகளைப் பள்ளி முடித்து அனுப்பிய பிறகு எனக்குப் பிடிபட்டது வேறு. பாதிக் கூட்டம் ஆட்டத்துக்காக வருவதே இல்லை.

முதலில் தலைகளை எண்ணுங்கள். ஃபுட்பால் டீமில் சீருடை போட்டு நிற்கிற பையன்களே ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். (இங்கே ஃபுட்பால் என்றால் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. நம் கால்பந்துக்குப் பெயர் சாக்கர்.) அது போக பேண்டு வாத்தியக் குழு. டெக்சஸின் பெரிய பள்ளிகளில் அதில் மட்டும் இருநூறு முந்நூறு பிள்ளைகள். அப்புறம் நடனக் குழு, சியர்லீடர்கள், கொடி சுழற்றுகிறவர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மா, அப்பா, தம்பி தங்கை, சில வீடுகளில் தாத்தா பாட்டி. வெளியாள் ஒருவர் டிக்கெட் வாங்குவதற்கு முன்பே ஒரு பக்க இருக்கைகளில் பாதி நிரம்பிவிடும்.

என் மகள் பேண்டில் கிளாரினெட் வாசித்தாள். நாலு வருஷம் ஸ்டேடியத்துக்குப் போனேன், ஃபுட்பால் விதி பாதிதான் தெரியும். நான் போனது ஹாஃப்டைமில் அவர்கள் வாசிக்கிற அந்த ஏழெட்டு நிமிஷத்துக்காக. எல்லாருக்கும் ஒரே தொப்பி, ஒரே உடுப்பு. முதல் மூன்று மேட்சில் வேறு யார் வீட்டுப் பெண்ணையோ வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பியிருக்கிறேன். அதைப் பார்த்து என் அம்மா "பிள்ளை வளர்ந்துட்டாளே" என்று நெகிழ்ந்துவேறு போனார்.

இரண்டாவது, கிழமை. வெள்ளி இரவு பள்ளிகளுக்கு என்று ஒதுங்கியிருப்பதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1961இல் வந்த விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம். தொழில்முறை அணிகள் எல்லாம் சேர்ந்து மொத்தமாக டிவி உரிமையை விற்றால், ஏகபோகத் தடைச் சட்டம் பாயும். அதிலிருந்து அவர்களுக்கு விலக்குக் கொடுத்தது இந்தச் சட்டம். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது. செப்டம்பர் இரண்டாம் வெள்ளியிலிருந்து டிசம்பர் இரண்டாம் சனி வரை, வெள்ளி மாலை ஆறு மணிக்கு மேலும் சனிக்கிழமையும், பள்ளி அல்லது கல்லூரி ஆட்டம் நடக்கும் இடத்துக்கு 75 மைலுக்குள் தொழில்முறை ஃபுட்பாலை ஒளிபரப்பினால் அந்த விலக்கு கிடையாது. அதனால்தான் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் பெரும்பாலும் ஞாயிறு, திங்கள், வியாழன் என்று ஆடுகிறது. 2023இல் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு மறுநாள் வெள்ளியன்று ஆட்டம் வைத்தபோதுகூட மதியமே தொடங்கினார்கள். ஆக, இலையுதிர்காலம் முழுக்க வெள்ளி ராத்திரி டிவியில் அந்தப் பெரிய போட்டி இல்லை. மறுநாள் ஆபீஸ் இல்லை, பள்ளியும் இல்லை. சின்ன ஊர்களில் போக வேறு இடமும் இல்லை.

உங்கள் மகளின் ஆட்டம் செவ்வாய் மதியம் மூன்றரைக்கு. யார் வருவார்கள்?

மூன்றாவது, அரிதாக வருவது. ஃபுட்பால் வாரத்துக்கு ஒரு மேட்ச்தான். சீசனில் சுமார் பத்து, அதில் பாதிதான் சொந்த மைதானத்தில். கூடைப்பந்து வாரத்துக்கு இரண்டு மேட்ச், மாதக்கணக்கில் நடக்கும். கோயிலில் தினம் பூஜை நடக்கிறது, ஆனால் ஊர் கூடுவது தேருக்குத்தான். அதே கதை.

ஸ்டேடியம் பெரிதாக இருப்பதால்தான் கூட்டம் என்று சிலர் சொல்வார்கள். ஓரளவு சரி. டாலஸுக்கு வடக்கே ஆலன் ஊரில் 2012இல் சுமார் 60 மில்லியன் டாலர் செலவில் 18,000 பேர் உட்காரும் பள்ளி ஸ்டேடியம் கட்டினார்கள். கான்கிரீட்டில் விரிசல் கண்டு 2014 சீசன் முழுக்க மூடிவைத்து, சரிசெய்து 2015இல் திறந்தார்கள். பக்கத்து மெக்கின்னி, ஹூஸ்டன் பக்கம் கேட்டி, இரண்டு ஊரிலும் 12,000 பேர் உட்காரலாம். இப்படிக் கட்டுவதற்குப் பள்ளி மாவட்டங்கள் ஓட்டெடுப்பு நடத்திக் கடன்பத்திரம் வெளியிடும். அதை அடைப்பது சொத்துவரியில். வீடு வாங்கியாகிவிட்டதென்றால் அந்த இருக்கையில் உங்கள் காசும் இருக்கிறது, போய் உட்காருங்கள்.

ஆனால் இருக்கை மட்டும் கூட்டத்தைக் கூட்டிவிடாது. ஜனவரியில் அதே ஸ்டேடியத்துக்குப் போய்ப் பாருங்கள். சாக்கர் சீசன். அதே பள்ளி, அதே விளக்கு, அதே புல்தரை. ஆட்டக்காரர்களின் பெற்றோர்கள் போர்வை போர்த்திக்கொண்டு நடுவில் ஒரு கொத்தாக உட்கார்ந்திருப்பார்கள். பேண்டு கிடையாது, குளிர் வேறு.

நாடு முழுக்க எத்தனை பிள்ளைகள் ஒரு விளையாட்டை ஆடுகிறார்கள் என்பதற்கும் கூட்டத்துக்கும் சம்பந்தமில்லை. அமெரிக்கப் பள்ளிகளில் பெண் பிள்ளைகள் அதிகம் சேரும் விளையாட்டு தடகளம். பையன்களில் ஃபுட்பாலுக்கு அடுத்தபடியாக அதுதான். ஆனால் தடகள மீட் நாள் முழுக்க நீளும், உங்கள் பிள்ளை ஓடுவது அதில் ஒரு நிமிஷம். நீச்சலும் அப்படியே, குளோரின் வாடை கூடுதல். என் மகன் கிராஸ் கன்ட்ரி ஓடினான். சனிக்கிழமை விடியலில் போய், ஐந்து கிலோமீட்டர் பாதையில் மூன்று இடத்தில் நின்று, இடத்துக்குப் பத்து வினாடி பார்ப்பேன். ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நானும் ஓட வேண்டும். உடம்புக்கு நல்லது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரரை "வாங்க பார்க்கலாம்" என்று கூப்பிட முடியுமா?

டென்னிஸுக்கு இன்னொரு சிக்கல். டெக்சஸில் செப்டம்பரில் நடப்பது டீம் டென்னிஸ். பையன்களும் பெண்களும் சேர்ந்து ஒரே அணி. ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் எல்லாம் சேர்த்து 19 ஆட்டம், முதலில் பத்து ஜெயிக்கிற பள்ளிக்கு வெற்றி. ஒரே நேரத்தில் பல கோர்ட்டில் ஓடும், பெரிய ஸ்கோர்போர்டும் இருக்காது. வெளியாள் வந்தால் எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியாது. விதி தெரிந்துவிட்டால் 9-9 என்று கடைசி ஒரு கோர்ட்டை நம்பி நிற்கும்போது வயிற்றைக் கலக்கும். அதை ஆறு பேர்தான் பார்க்கிறார்கள் என்பது என் வருத்தம்.

இதெல்லாம் டெக்சஸ் கணக்கு. வேறு மாநிலத்துக்கு வந்தவர்கள் இதை அப்படியே நம்பிப் போகாதீர்கள்.

இண்டியானாவில் ராஜா கூடைப்பந்து. அங்கே நிறையச் சின்ன விவசாய ஊர்கள். நூறு நூற்றைம்பது பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஃபுட்பாலுக்கு ஆள் திரட்டுவது கஷ்டம், கூடைப்பந்துக்கு ஐந்து பேர் போதும். குளிர்காலத்தில் வயல் வேலையும் கிடையாது. சின்னப் பள்ளி பெரிய பள்ளி என்று பிரிக்காமல் மாநிலம் முழுக்க ஒரே கோப்பை வைத்திருந்தார்கள். 1954இல் 161 பிள்ளைகள் மட்டுமே படித்த மைலன் பள்ளி, பெரிய பள்ளியான மன்சி சென்ட்ரலை 32-30 என்று இறுதியாட்டத்தில் வென்றது. கடைசி வினாடிகளில் பந்தைப் போட்டவர் பாபி பிளம்ப். அந்த மாநிலத்தில் இன்றைக்கும் அதைப் பேசுகிறார்கள். 1990 இறுதியாட்டத்துக்கு இண்டியானாபொலிஸில் 41,046 பேர் வந்தார்கள், பள்ளிக் கூடைப்பந்துக்கு! பிறகு 1997-98 சீசனிலிருந்து பள்ளிகளை அளவு வாரியாக நாலு பிரிவாக்கினார்கள். நாலு கோப்பை. கூட்டம் குறைந்துபோனது என்று பழைய ஆட்கள் இன்னும் புலம்புகிறார்கள். ஆட்டம் மாறவில்லை, பந்து மாறவில்லை. "எங்க ஊரு பெரிய ஊரைச் சாய்க்கும்" என்ற ஆசைக்குத்தான் இடமில்லாமல் போயிற்று.

மின்னசோட்டாவில் ஐஸ் ஹாக்கி. மார்ச் மாதம் செயின்ட் பால் நகரில் நடக்கும் பையன்களின் மாநிலப் போட்டிக்கு, எல்லா நாளும் சேர்த்து, ஒரு லட்சத்துக்கு மேல் வருவார்கள். அயோவா, பென்சில்வேனியா பக்கம் என்றால் மல்யுத்தம்.

பெண் பிள்ளைகள் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது என்று வேறொருவர் எழுதியிருந்தார். அவருக்கும் அயோவாவையே காட்டுகிறேன். அங்கே அணிக்கு ஆறு பெண்கள் ஆடும் கூடைப்பந்து 1993 வரை இருந்தது. மூன்று பேர் பந்து போடுவார்கள், மூன்று பேர் தடுப்பார்கள், மைதானத்தின் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. டி மொய்ன் நகரில் நடந்த மாநிலப் போட்டிக்கு அரங்கம் நிரம்பும், பையன்கள் போட்டியைவிட அதிகக் கூட்டம் பார்த்த காலமுண்டு. சின்ன ஊர்களுக்கு அந்தப் பெண்கள்தான் பெருமை.

இதில் நேரம் ஒதுக்குவதற்கும் பங்கு உண்டு. இண்டியானாவின் ஃபிராங்க்ளின் கவுண்டியில் பையன்கள் கூடைப்பந்துக்கு வெள்ளி, சனி இரவுகளை அதிகம் கொடுத்து, பெண்களை வார நாட்களில் ஆடவைக்கிறார்கள் என்று வழக்குப் போனது. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அந்த வழக்கை நடத்தலாம் என்று 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மறுநாள் பள்ளி இருக்கிற ராத்திரியில் ஆடவைத்தால் தோழிகளும் வரமாட்டார்கள், பேண்டும் வராது. பிறகு "பெண்கள் ஆட்டத்துக்கு யாரும் வருவதில்லை" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

சரி, இப்போது என்ன செய்யலாம்?

பிள்ளை ஃபுட்பாலிலோ பேண்டிலோ இல்லாவிட்டாலும் ஒரு வெள்ளி இரவாவது போங்கள். வகுப்புத் தோழிகள் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள், உங்கள் மகளும் அவர்களோடு நிற்க ஆசைப்படுவாள். டிக்கெட் பெரும்பாலும் ஆன்லைனில்தான், முன்பே போனில் வாங்கிவையுங்கள். பல ஸ்டேடியங்களில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பைக்குத்தான் அனுமதி. முதல் தடவை என் மனைவியின் கைப்பையோடு திரும்பக் கார் வரை நடந்தேன். சொந்தப் பள்ளிக்கு ஒரு பக்கம், எதிரணிக்கு ஒரு பக்கம். தெரியாமல் எதிரணிப் பக்கம் போய் உட்கார்ந்தால் அடிக்க மாட்டார்கள், ஆனால் தனியாகக் கை தட்ட வேண்டியிருக்கும். கால் பகுதிக்கு 12 நிமிஷம் என்று போட்டிருப்பதை நம்பி அரிசி ஊறப்போட்டுவிட்டு வராதீர்கள், மொத்தம் இரண்டரை மணி நேரம் ஆகும். பழைய மாணவர்களை வரவேற்கும் ஹோம்கமிங் வாரத்தில் டெக்சஸ் பெண்கள் நெஞ்சில் ஒரு பெரிய செவ்வந்திப் பூவும், அதிலிருந்து முழங்காலுக்குக் கீழே தொங்கும் ரிப்பனும் மணியுமாக வருவார்கள். பூ இப்போதெல்லாம் துணிப்பூதான், விலை மட்டும் நிஜம். மகள் கேட்பாள், தயாராக இருங்கள்.

பூஸ்டர் கிளப் என்று பெற்றோர் சங்கம் இருக்கும். தின்பண்டக் கடையில் ஒரு ராத்திரி நாச்சோஸில் சீஸ் ஊற்றிக் கொடுக்கப் பெயர் கொடுங்கள். எனக்கு இந்த ஊரில் முதல் ஐந்து நண்பர்கள் அந்தக் கடைக்குள் கிடைத்தவர்கள்தான்.

கல்லூரிக் கணக்கு போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டென்னிஸ் கோச் பார்ப்பது ஆட்டத் தரத்தைச் சொல்லும் யுடிஆர் எண்ணை, நீச்சல் கோச் பார்ப்பது நேரத்தை. இருக்கையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

தம்பி, அடுத்த செவ்வாய்க்கிழமை மடக்கு நாற்காலி, தொப்பி, தண்ணீர் எடுத்துக்கொண்டு போங்கள். கம்பிவேலிக்கு வெளியிலிருந்து "பேக்ஹேண்ட், பேக்ஹேண்ட்" என்று கத்தாதீர்கள். நாற்காலியை அந்தப் புத்தகப் பாட்டி பக்கத்தில் போடுங்கள். எந்தக் கோர்ட்டில் யார், மொத்தக் கணக்கு எவ்வளவு, அடுத்த மேட்ச் எந்தப் பள்ளியில் என்று எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். புத்தகம் இடையில் படிப்பதற்கு.