திங்கட்கிழமை மட்டும் டிரிப் ஆகும் 45 கிலோவாட் மோட்டார்: ரீவைண்டிங் தேவையா?

பம்ப்ரூம்_பாண்டி:
வணக்கம். சிங்கப்பூரில், துவாஸில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். கூலிங் வாட்டர் பம்புக்கு 400 வோல்ட், 45 கிலோவாட் மோட்டார், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். திங்கள் காலை ஓட ஆரம்பித்தால் சனி சாயங்காலம் வரை நிற்காது. ஞாயிறு ஓய்வு. பழைய மோட்டாரில் பேரிங் போய், சில மாதங்களுக்கு முன் கான்ட்ராக்டர் புதிது மாட்டினார். இதில் 100 வாட், 230 வோல்ட் ஸ்பேஸ் ஹீட்டர் உண்டு, மோட்டார் நிற்கும்போது உள்ளே இருக்கும் கம்பிச் சுருளில் (வைண்டிங்) ஈரம் பிடிக்காமல் சூடாக வைப்பதற்கு.

அதிலிருந்து, திங்கள் காலை வந்து பார்த்தால் எம்.சி.சி.பி. (மெயின் பிரேக்கர்) டிரிப் ஆகிக் கிடக்கிறது. கரண்ட் கசிந்தால் பிரேக்கரைத் தட்டிவிடும் எர்த் லீக்கேஜ் ரிலேயில் சிவப்பு விளக்கு, செட்டிங் 300 மில்லிஆம்பியர். ரீசெட் செய்தால் உடனே மறுபடி டிரிப். ஹீட்டருக்கான சின்ன பிரேக்கரை (எம்.சி.பி.) இறக்கிவிட்டு, மோட்டாரில் 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) வைத்தால் 0.6 மெகஓம். சூடான காற்று அடித்துக் காயவைத்தால் மதியத்துக்குள் 30 தாண்டிவிடும். ஸ்டார்ட் செய்து, ஹீட்டர் எம்.சி.பி.யைத் திரும்ப ஏற்றுவோம். வாரம் முழுக்கப் பிரச்சினையே இல்லை.

ரீவைண்ட் செய்துவிடலாம், அதாவது கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றிவிடலாம் என்கிறார் பாஸ். புது மோட்டாருக்கே ரீவைண்டிங்கா? எனக்கு மனசு கேட்கவில்லை.

ஜூரோங்_செல்வா:
மழைக்கால ஈரம்தான் ப்ரோ. எங்கள் பக்கமும் இதே கதை. இப்போதைக்கு ரிலேயை 1 ஆம்பியருக்கு ஏற்றி வையுங்கள், வேலை ஓடட்டும்.

பழைய_வயர்மேன்:
தம்பி பாண்டி, ரிலேயில் கை வைக்காதீர்கள். செல்வா கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் என்ன கசிகிறது என்று தெரியாமல் செட்டிங்கை ஏற்றுவது கேன்சருக்குப் பனடால் கொடுப்பது மாதிரி.

கணக்கைப் பாருங்கள். 0.6 மெகஓம் வழியாக 230 வோல்ட்டில் அரை மில்லிஆம்பியர்கூடக் கசியாது. 300 மில்லிஆம்பியர் கசிய வேண்டுமென்றால் இன்சுலேஷன் எழுநூற்றுச் சொச்சம் ஓமுக்கு இறங்க வேண்டும். ஈரம் இருப்பது உண்மை, ஆனால் ரிலேயைத் தட்டியது அது இல்லை.

அப்புறம், "வந்து பார்த்தால் டிரிப் ஆகிக் கிடக்கிறது" என்கிறீர்கள். ஸ்டார்ட் பட்டனை யாருமே தொடவில்லையே! அப்படியானால் டிரிப் ஆனது திங்கட்கிழமை இல்லை. சனி சாயங்காலம் ஸ்டாப் அழுத்தினதுமே ஆகியிருக்கும். மோட்டார் நின்றால்தானே கான்டாக்டரின் (மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச்) என்.சி. கான்டாக்ட் மூடி ஹீட்டருக்குக் கரண்ட் போகும்? 100 வாட்டுக்கு 430 மில்லிஆம்பியர் சொச்சம். உங்கள் ரிலே 300. எனக்குச் சந்தேகம் ஹீட்டர் வயரிங் மேல்தான்.

மோட்டாருக்கு நியூட்ரல் தேவையில்லை, அதனால் ரிலேயின் சி.டி. வளையத்துக்குள் (கரண்டை அளக்கும் வளையம்) மூன்று பேஸ் மட்டும்தான் போகும். ஹீட்டர் மாட்டியவர் லைனை வளையத்துக்குப் பிறகு எடுத்து, நியூட்ரலை நேராக நியூட்ரல் பாரில் கட்டியிருப்பார். போகிற கரண்ட் வளையம் வழியாகப் போகிறது, திரும்புகிற கரண்ட் வெளியே போய்விடுகிறது. ரிலேக்கு அது கசிவாகத்தான் தெரியும்.

பிரேக்கர் விழுந்ததும் ஹீட்டரும் செத்தது. சிங்கப்பூரில் விடியற்காலை ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும், வைண்டிங் நனையாமல் என்ன செய்யும்? நீங்கள் காயவைத்ததால் டிரிப் நிற்கவில்லை, ஹீட்டரை இறக்கிவிட்டு ஸ்டார்ட் செய்ததால் நின்றது. ஓடும்போது அந்த என்.சி. திறந்தே இருக்கும், அதனால் வாரம் முழுக்க அமைதி.

சோதிக்க: ஹீட்டர் வயர்களைப் பேனலிலிருந்து கழற்றி மெகர் வையுங்கள். பிறகு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் விழும் பிரேக்கர்) உள்ள தனி சப்ளை கொடுங்கள். டிரிப் ஆகாமல் நின்றால் ஹீட்டர் நிரபராதி. நியூட்ரல் எங்கே போகிறது என்று கண்ணால் பாருங்கள். காயவைப்பதை மட்டும் விடாதீர்கள். இந்த மாதிரி லோ வோல்டேஜ் வைண்டிங்குக்கு ஐ.இ.இ.இ. 43 என்ற இன்சுலேஷன் சோதனைத் தரநிலை சொல்வது 40 டிகிரியில் குறைந்தது 5 மெகஓம்.

பம்ப்ரூம்_பாண்டி:
அண்ணே, அப்படியேதான்! ஹீட்டர் 200 மெகஓமுக்கு மேல். தனி சப்ளையில் ஆர்.சி.சி.பி. அசையவில்லை. நியூட்ரல் வளையத்தைத் தொடாமல் நேராகப் பாருக்குப் போகிறது. ரீவைண்டிங் பேச்சை பாஸ் விட்டுவிட்டார். நியூட்ரலை வளையத்துக்குள் விட்டால் போதுமா?

பழைய_வயர்மேன்:
போதும், டிரிப் நின்றுவிடும். ஆனால் ஷட்டவுனில் ஐசொலேட்டரை (சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்கினால் ஹீட்டரும் போய்விடும். பக்கத்து டி.பி.யிலிருந்து (மின் பகிர்வுப் பெட்டி) தனி ஆர்.சி.பி.ஓ. (கசிவுக்கும் ஓவர்லோடுக்கும் விழும் பிரேக்கர்) போட்டு, அதே என்.சி. வழியாகக் கொடுப்பது நல்லது. அப்படிச் செய்தால், ஐசொலேட்டரை இறக்கின பிறகும் டெர்மினல் பாக்ஸுக்குள் 230 வோல்ட் இருக்கும். மூடியிலும் பேனல் கதவிலும் இரண்டாவது சப்ளை இருக்கிறது என்று எச்சரிக்கை ஒட்டுங்கள், லாக்-அவுட் செய்யும்போது இரண்டையும் பூட்டுங்கள். வயரிங் மாற்றத்தை உங்கள் எல்.இ.டபிள்யூ. (லைசென்ஸ் உள்ள மின் பணியாளர்) பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.