மோதாமல் பயின்ற அணி வாகை சூடியது எதனால்?

பொருநை:
பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரிகளின் மூன்றாம் பிரிவு இறுதி ஆட்டமான ஸ்டாக் போல், 2003ஆம் ஆண்டு டிசம்பர் 20 அன்று வர்ஜீனியாவின் சேலம் நகரில் நடந்தது. தொடர்ந்து 55 ஆட்டங்களில் வென்றிருந்த மவுண்ட் யூனியனை அன்று செயின்ட் ஜான்ஸ் 24-6 என்ற கணக்கில் தோற்கடித்தது. மினசோட்டாவின் காலேஜ்வில்லில் பெனடிக்ட் சபைத் துறவிகள் நிறுவிய சிறிய கல்வி நிலையம் அது. பயிற்சியாளர் ஜான் கலார்டிக்கு அப்போது வயது 77. பயிற்சியின்போது ஒருவரை ஒருவர் மோதி வீழ்த்தும் ‘டேக்கிள்’ கூடாது, விசில் கூடாது, தன்னைக் ‘கோச்’ என்று அழைக்கவும் கூடாது என்பவை அவர் விதிகள். அந்தப் பருவத்தின் 14 ஆட்டங்களிலும் அணி வென்றதற்கு, உடலை நோகடிக்காத இந்த முறையே முதற்காரணம் என்று கருதுகிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு எழுத வேண்டுகிறேன்.

செங்கோடன்:
காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கிறது. கலார்டி 1953 முதல் 2012 வரை அங்கே பயிற்சியாளராக இருந்தவர். 1976இல் பட்டம் வென்றபின் அடுத்த பட்டத்துக்கு 27 ஆண்டுகள் ஆயின. முறை மாறாதிருக்க, 2003இல் மட்டும் பட்டம் கிடைத்தது என்றால், அந்த ஆண்டில் புதிதாக இருந்தது எது என்றுதானே பார்க்க வேண்டும்? பிளேக் எலியட் என்னும் அரிய ஆட்டக்காரர் இருந்தார். மூன்றாம் பிரிவின் தலைசிறந்த வீரருக்கு 1993 முதல் வழங்கப்படும், கலார்டியின் பெயரையே தாங்கிய விருதை அந்த ஆண்டு பெற்றவர் அவர்.

பொருநை:
பனம்பழம் ஒருமுறை விழுந்திருந்தால் தங்கள் உவமை பொருந்தும். 1963, 1965, 1976, 2003 என நான்கு முறை விழுந்திருக்கிறது; 2000ஆம் ஆண்டின் இறுதி ஆட்டத்திலும் இதே மவுண்ட் யூனியனிடம் 10-7 என்றுதான் தோற்றார்கள். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென உதவித்தொகை கிடையாது. ஆகவே சிறந்த வீரர்களைப் பணம் காட்டி அழைத்து வரவும் இயலாது. எலியட் அரியவர் என்பதை ஏற்கிறேன். ஆனால் செப்டம்பரில் தொடங்கி டிசம்பர்வரை நீளும் பருவத்தில், அவரைப் போன்ற ஒருவர் பதினான்காவது ஆட்டத்திலும் முழு வலிமையோடு களமிறங்க வேண்டுமே. வாரம் ஒருமுறை, ஆட்டத்தில் மட்டுமே அடி வாங்கும் அணிக்கு அது எளிதாகிறது.

வெண்பனி:
பள்ளி அணியில் ஆடும் என் மகனுக்குச் சென்ற ஆண்டு தலையில் அடிபட்டது ஆட்டத்தில் அல்ல, பயிற்சியில். மூன்று வாரம் அவனால் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால் இந்தப் பேச்சு எனக்கு வெறும் புள்ளிக்கணக்கு அல்ல. டார்ட்மத் கல்லூரி 2010இல் பயிற்சியில் டேக்கிளை நிறுத்தி, 2015இல் அமெரிக்காவின் எட்டுப் பழம்பெரும் கல்வி நிலையங்கள் மோதும் ஐவி லீக் போட்டியின் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

செங்கோடன்:
தங்கள் மகன் நலமாக இருப்பான் என்று நம்புகிறேன். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு இந்த முறை நல்லது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் பாதுகாப்பு வேறு, பட்டத்தின் காரணம் வேறு. யாரையும் கழிக்காமல் 150 பேருக்கு மேல் சேர்த்துக்கொள்ளும் அணிக்கு, காயம்பட்டவருக்கு மாற்றாள் கிடைப்பதும் எளிது. அதை ஏன் கணக்கில் கொள்ளவில்லை?

பொருநை:
மாற்றாட்களைக் கணக்கில் கொள்கிறேன். இறுதி ஆட்டத்தையும் கொள்ளுங்கள். கடைசிக் கால் பகுதியில் மவுண்ட் யூனியன் எல்லைக்கோட்டை நெருங்கியபோது, எறியப்பட்ட பந்தை செயின்ட் ஜான்ஸ் தடுப்பாட்டக்காரர் இடைமறித்துப் பிடித்து 100 கெஜம் ஓடிப் புள்ளி சேர்த்தார். நான்கு ஆண்டுகளாக யாராலும் வெல்ல முடியாத அணியை 6 புள்ளிகளில் நிறுத்தியவர்கள், பயிற்சியில் டேக்கிளே செய்யாதவர்கள். அந்தக் குறை எங்காவது தெரிய வேண்டுமென்றால், அன்றுதானே தெரிந்திருக்க வேண்டும்?

செங்கோடன்:
பயிற்சியில் மோதாதது அவர்களுக்குத் தீங்கு செய்யவில்லை என்பதை அந்த 6 புள்ளிகள் காட்டுகின்றன, இதை ஏற்கிறேன். அதுவே வெற்றியைத் தந்தது என்பதை அவை காட்டவில்லை. நவம்பர் 8 அன்று பெத்தேலுக்கு எதிராக 29-26 என்று வென்றபோதுதான் கலார்டி 409ஆம் வெற்றியைப் பெற்று, அதுவரை கல்லூரிக் கால்பந்தில் அதிக வெற்றி கண்ட பயிற்சியாளரான எடி ராபின்சனின் 408ஐக் கடந்தார். அந்த மூன்று புள்ளிகள் மறுபக்கம் சாய்ந்திருந்தால், இதே வீரர்கள், இதே விதிகள், ஆனால் தோல்வி காணாத பருவம் இருந்திருக்காது.