சிறுவர்க்கான தகவல் நூலில் அந்த முதல் வரி எப்போது வருகிறது?

ஆயர் ஈத்தாம் வாசகி:

வணக்கம். தமிழ்ப்பள்ளியில் நான்காம், ஐந்தாம் ஆண்டில் படிக்கும் பிள்ளைகளுக்காகப் பினாங்குக் கொடிமலை ரயிலைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதிவருகிறேன். 1923இல் ஓடத் தொடங்கிய பாதை, நடுவழி நிலையத்தில் இறங்கி வண்டி மாறிய பழைய காலம், 2011 முதல் மாறாமலேயே உச்சிக்குக் கொண்டுபோகும் புதிய பெட்டிகள் என ஒரு நோட்டுப் புத்தகம் நிறையக் குறிப்புகள் சேர்ந்துவிட்டன. ஆனாலும் மூன்று மாதமாக நான் எழுதிய ஒவ்வொரு தொடக்கமும் சுற்றுலாக் கையேடு போலவே இருந்தது.

சென்ற வாரம் அக்காள் மகனை அழைத்துக்கொண்டு மலைக்குப் போனேன். பாதி வழியில் தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில், கீழே இறங்கும் பெட்டி எங்களை உரசுவதுபோல் கடந்து சென்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவன், "சின்னம்மா, அவங்க இறங்குறதாலதான் நாம ஏறுறோமா?" என்று கேட்டான். ஏறும் பெட்டியும் இறங்கும் பெட்டியும் ஒரே கம்பிவடத்தில் பிணைக்கப்பட்டவை என்று படித்தது நினைவுக்கு வர, ஒரே கயிற்றின் இரு முனைகளிலும் வாளி கட்டிய கிணறு அந்த நொடியில் என் கண்முன் வந்து நின்றது. உச்சியை அடைவதற்குள் முதல் பக்கத்தைக் கடைச் சீட்டு ஒன்றின் பின்புறத்தில் எழுதி முடித்துவிட்டேன். மூன்று மாதம் வராதது ஒரு நொடியில் ஏன் வந்தது? இத்தகைய கணத்துக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

பால்மரத்துப் பேரன்:

காத்திருப்பதாக நீங்கள் சொல்லும் அந்த மூன்று மாதமும் நீங்கள் படித்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது ஏன் என்று பிள்ளைகளுக்கு விளக்க முயன்றேன். வெயில் ஏறினால் இலைகள் நீரை வெளியேற்றும், பட்டைக்குள் அழுத்தம் குறையும், பால் ஓட்டமும் தளரும் என்றெல்லாம் எழுதினேன். எல்லாம் சரிதான், ஆனால் உயிரில்லை.

ஒரு காலையில் பாட்டி சமையலுக்குப் பப்பாளிக் காய் பறித்து வந்தார். தோலைச் சீவுவதற்கு முன், விளையாட்டாகக் கத்தி நுனியால் இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழ்நோக்கி ஒரு சாய்கோடு கிழித்தார். வெள்ளைப் பால் கோட்டின் வழியே மெல்ல இறங்கி, கடைசியில் ஒரு சொட்டாகத் தொங்கியது. "மங்கு மட்டும்தான் இல்ல" என்று, ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணத்தை நினைத்துச் சிரித்தார். தோட்டத்தை விட்டு வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆனபின்பும் அந்தக் கை சாய்வை மறக்கவில்லை. ரப்பர் மரத்தின் பட்டையில் பால்குழாய்கள் நேர்செங்குத்தாக இல்லாமல் சற்றே சாய்ந்து ஓடுகின்றன என்பதையும், அதனால்தான் இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு அதிகக் குழாய்களைத் திறக்கிறது என்பதையும் நான் முன்பே படித்து, ஆர்வமில்லாமல் குறித்துவைத்திருந்தேன். அந்தக் குறிப்பு இல்லாதிருந்தால் பாட்டி கிழித்த கோடு எனக்கு வெறும் சமையல் வேலையாகவே இருந்திருக்கும். (பப்பாளிப் பால் தோலில் பட்டால் அரிக்கும் என்பதால், "நீங்களும் செய்து பாருங்கள்" என்ற வரியை மட்டும் பிறகு அடித்துவிட்டேன்.)

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியர்:

இருவர் சொன்னதும் உண்மை. ஆனால் அந்த உற்சாகத்தைச் சற்று ஆறவிட வேண்டும் என்பது என் கருத்து. மஸ்ஜித் ஜாமெக் அருகே கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் நின்றபோது, "சேறுதான் இந்த ஊரை உண்டாக்கியது" என்று எனக்கு ஒரு வரி தோன்றியது. கோலாலம்பூர் என்ற பெயரிலேயே சேறு இருப்பதால் அது மிகப் பொருத்தமாகப்பட்டது. ஒரு வாரம் அதையே கட்டிக்கொண்டு அழுதேன். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது: 1857இல் ஈயம் தேடிப் புறப்பட்ட 87 பேர், படகு அதற்கு மேல் போக முடியாததால் அங்கே இறங்கி, அம்பாங்கை நோக்கிக் காட்டுவழியே நடந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலேரியாவில் மடிந்தார்கள். ஊருக்குப் பெயர் தந்தது சேறு. ஊரைத் தந்தது படகு நின்ற இடம். என் அழகான வரியைக் கிழித்துப் போட்டேன்.

உங்கள் கிணற்று உவமையையும் அப்படியே சோதித்துப் பாருங்கள். இறங்கும் பெட்டியின் எடை ஏறும் பெட்டிக்குத் துணை செய்கிறது. அதனால் மோட்டாரின் சுமை பெருமளவு குறைகிறது. ஆனால் மேலே போகும் பெட்டி நிரம்பி, கீழே வரும் பெட்டி காலியாக இருக்கும் காலை நேரத்தில் வண்டியை இழுப்பது மோட்டார்தான். கிணற்றிலும் வெறும் வாளி நீர் நிறைந்த வாளியைத் தானாகத் தூக்குவதில்லை. கயிற்றை இழுக்க ஓர் ஆள் வேண்டும். உங்கள் அக்காள் மகன் சொன்னது பாதி சரி.

ஆயர் ஈத்தாம் வாசகி:

மிக்க நன்றி. கயிற்றை இழுக்கும் ஆளை நான் முற்றிலும் மறந்துபோனேன். முதல் பக்கத்தைத் திருத்தாமல், 'பாதி சரி' என்பதையே இரண்டாம் அத்தியாயத்தின் தலைப்பாக்கிவிட்டேன். நேற்று அவனிடம் இதைச் சொன்னதும், "அப்ப ரெண்டு பெட்டியும் காலியா இருந்தா?" என்றான். அந்தக் கேள்விக்கான பக்கத்தை இன்றிரவு எழுதத் தொடங்குகிறேன்.