மலைமேல் சிறிய துறையில் முனைவர் பட்ட ஆய்வு: சேரலாமா?

கேள்வி (கோத்தகிரி மாணவி)

உயிர்வேதியியலில் முதுநிலை முடித்திருக்கிறேன். தேயிலைக் கொழுந்தில் இருந்து அதைப் பழுப்பேறச் செய்யும் பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ் நொதி குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறேன். உதகைப் பக்கம் ஒரு சிறிய துறையில் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. அங்கே ஆசிரியர்கள் மூவர், ஆய்வு மாணவர்கள் ஐவர்; ஒரு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரும் ஒரு குளிர் சென்ட்ரிஃபியூஜும் தவிரப் பெரிய கருவி எதுவும் இல்லை. வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பதில் அப்பாவுக்கு நிம்மதி. கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் சேர்ந்த தோழிகளோ, இந்தச் சிறிய துறையில் பயிற்சி அரைகுறையாகத்தான் இருக்கும் என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (முன்னாள் ஆய்வு மாணவர், உதகை)

தங்கைக்கு வணக்கம். அப்படியொரு துறையில்தான் நானும் பட்டம் பெற்றேன். முதல் ஆண்டு முழுவதும் மலையோடு மல்லுக்கட்டியே போயிற்று. மார்கழிக் காலையில் ஆய்வகத்தின் வெப்பநிலை 14 டிகிரிக்கு இறங்கிவிடும். புரதங்களைப் பிரித்துப் பார்க்க உதவும் அக்ரிலமைடு ஜெல் இறுக மறுக்கும், அதோடு பயன்படுத்தும் எஸ்.டி.எஸ். என்ற சோப்புப் போன்ற பொருளின் கரைசல் அடியில் படிகமாகப் படிந்துவிடும். நொதிச் சோதனைக்கான டிரிஸ் பஃபர் கரைசலின் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.028 மாறும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தும், 15 டிகிரியில் 8.8 என்று சரிசெய்த கரைசல் 25 டிகிரியில் 8.5 ஆகிவிடும் என்பது, நொதியின் வேகம் ஒரு மாதம் தாறுமாறாக வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

நீராவி அழுத்தத்தால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் கலத்தின் விஷயம் இதைவிட முக்கியம். உதகையின் உயரம் சுமார் 2,240 மீட்டர், காற்றழுத்தம் குறைவு. கடல்மட்டத்தில் அழுத்தமானியில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு காட்டினால் உள்ளே 121 டிகிரி இருக்கும்; இங்கே அதே 15 பவுண்டுக்கு 117 டிகிரிதான் கிடைக்கும். 121 வேண்டுமானால் பதினெட்டரைப் பவுண்டு வரை ஏற்ற வேண்டும், அதுவும் கலம் அந்த அழுத்தத்தைத் தாங்கும் என்று எழுதியிருந்தால் மட்டுமே. நாங்கள் நேரத்தைக் கூட்டி, வெப்பத்தைத் தாங்கும் நுண்ணுயிர் வித்துகள் கொண்ட ஸ்போர் பட்டையை உள்ளே வைத்து, அவை செத்தனவா என்று சோதித்துக்கொண்டோம். எல்லாம் தயாராகக் கிடைக்கும் ஆய்வகத்தில் இருந்திருந்தால் இவற்றில் பாதியை நான் கற்றிருக்க மாட்டேன். உங்கள் தலைப்புக்கு இன்னொரு வசதியும் உண்டு: கொழுந்தைக் கிள்ளிய கையோடு பனிக்கட்டியில் வைத்து, அது பழுப்பேறும் முன் அரைத்துவிடலாம். சமவெளியில் இருப்பவர்களுக்கு அது எளிதல்ல.

மறுமொழி 2 (ஓய்வுபெற்ற ஆசிரியர், குன்னூர்)

கருவிகளைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட வேண்டாம். ஆய்வுக் கருவிகளைப் பகிர்ந்துகொள்வதற்கான ஐ-ஸ்டெம் இணையதளத்தின் வழியாகப் பிற நிறுவனங்களின் கருவிகளைக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்த முடியும். ஆனால் அந்தக் கட்டணத்தை யார் தருவார்கள் என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைப்படி ஒவ்வொரு பருவத்திலும் ஆராய்ச்சி ஆலோசனைக் குழுவின் முன் உங்கள் முன்னேற்றத்தை விளக்க வேண்டும். சிறிய துறைகளில் அந்தக் கூட்டம் தேநீரோடும் கையெழுத்தோடும் முடிந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே அங்குள்ள ஐவரில் மூத்தவரைத் தனியாகச் சந்தித்து, கடைசிக் கூட்டத்தில் அவரிடம் என்ன கேள்வி கேட்டார்கள் என்று விசாரியுங்கள். அவருக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை என்றால் யோசிக்க வேண்டும். ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) தேர்வில் தேறியிருந்தால் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். தேறவில்லை என்றால், வீட்டிலிருந்து போய்வருவதால் மிச்சமாகும் செலவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

மறுமொழி 3 (பெங்களூரில் பணிபுரியும் கூடலூர்க்காரர்)

மேலே இருவரும் சொல்லாத ஒன்று. மூன்று ஆசிரியர்கள் மட்டுமே உள்ள இடத்தில் நெறியாளர் மாற்றலாகிப் போனாலோ, அவரோடு மனக்கசப்பு வந்தாலோ, உங்கள் தலைப்பை ஏற்று நடத்த வேறு ஆள் இருக்கமாட்டார். எனக்கு அதனால் ஒன்றரை ஆண்டு வீணாயிற்று. கஷ்டப்பட்டால் கற்றுக்கொள்ளலாம் என்பது உண்மைதான், அதற்காகப் பி.எச். மீட்டர் பழுதாகிக் கிடந்த நாட்களையெல்லாம் பயிற்சி என்று என்னால் சொல்ல முடியாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. திங்கட்கிழமை அந்த மூத்த மாணவியைப் பார்க்கப் போகிறேன். கூட்டத்தில் கேட்ட கேள்வியையும், நெறியாளருக்குப் பணி ஓய்வுக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் உள்ளன என்பதையும் முதலில் கேட்டுவிடுகிறேன்.