ம்யூவான் கவுன்ட்டர்: லேபில் சரி, அரங்கத்தில் எண்ணிக்கை எகிறுகிறது

கேள்வி (லேப் டெக்னீசியன்):
பிப்ரவரி 28 அறிவியல் தினத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க, காஸ்மிக் வாட்ச் (நாமே செய்துகொள்ளும் டிசைன்) பாணியில் ஒரு ம்யூவான் கவுன்ட்டர் தயார்; காஸ்மிக் கதிர்களால் வளிமண்டலத்தில் உருவாகி வரும் ம்யூவான் துகள்களை எண்ணும் கருவி. 5×5×1 செ.மீ. பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் (துகள் பாய்ந்தால் மினுக்கும் தட்டு), எஸ்ஐபிஎம் (அந்த மினுக்கைப் பிடிக்கும் ஒளி சென்சார்), அதற்கு 29.5 வோல்ட் பயாஸ் (இயக்க மின்னழுத்தம்), எண்ண ஆர்டுயினோ நானோ போர்டு. லேபில் நிமிடத்துக்கு 30 பக்கம் வருகிறது. அரங்கத்தில் 400. பக்கத்து எல்இடி ஸ்ட்ரிப்பைப் போட்டால் இன்னும் ஏறுகிறது. ஒளிக்கசிவா, மின் நாய்ஸா?

பதில் 1 (ஈயப்பற்று):
பயாஸை மட்டும் கழற்றிவிட்டு மற்றதை ஓட விடுங்க. அப்பவும் எண்ணிக்கை ஏறினால் நாய்ஸ். நின்றுவிட்டால் கறுப்புத் துணியை நாலு மடிப்பாகப் போர்த்திப் பாருங்க; குறைந்தால் ஒளிக்கசிவு. உங்க கேஸில் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், ஸ்ட்ரிப்பும் வெளிச்சம்தானே.

கசிவைப் பிடிக்க, மொபைல் டார்ச்சை மூலை மூலையாகக் காட்டுங்க. பெரும்பாலும் ஒயர் வெளிவரும் இடம்தான். மலிவான கறுப்பு டேப் சிவப்பு, அகச்சிவப்பு ஒளியைக் கொஞ்சம் விட்டுவிடும். எஸ்ஐபிஎம்முக்கு அது தெரியும். ஒளியை உண்மையில் தடுப்பது உள்ளே சுற்றும் அலுமினிய ஃபாயில். அது எஸ்ஐபிஎம் பின்னில் பட்டு ஷார்ட் ஆகாமல் பார்த்துக்குங்க.

அரங்கச் சூட்டைக் குறை சொல்லாதீங்க. சூட்டில் கூடும் டார்க் கவுன்ட்டெல்லாம் (ஒளியே இல்லாமல் சென்சார் தானாகத் தரும் பல்ஸ்) பெரும்பாலும் ஒற்றை போட்டான் அளவுள்ள சின்னப் பல்ஸ். த்ரெஷோல்ட் (எண்ணத் தேவையான குறைந்தபட்ச பல்ஸ் உயரம்) சரியாக இருந்தால் அதை எட்டவே எட்டாது.

பதில் 2 (சர்க்யூட்காரர்):
முகவரியிடும் ஸ்ட்ரிப் (ஒவ்வொரு எல்இடியையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தும் வகை) என்றால் ஒரு எல்இடி முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்ப் வரை இழுக்கும். 60 எல்இடிக்கு 3.6 ஆம்ப். அதே 5 வோல்ட்டில் உங்க கவுன்ட்டரின் ஆம்ப்ளிஃபையரும் இருந்தால் கிரவுண்ட் ஆடத்தான் செய்யும். ஸ்ட்ரிப்புக்குத் தனி சப்ளை, அதன் வாயில் 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், கிரவுண்டை ஒரே இடத்தில் மட்டும் சேருங்க. பயாஸ் லைனில் 10 கிலோ ஓம், 100 நானோ ஃபாரட் ஃபில்ட்டர். இந்த ஃபில்ட்டர் கெப்பாசிட்டர் 50 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது.

பதில் 3 (கோயின்சிடென்ஸ்):
இரண்டாவது சிண்டிலேட்டர் தட்டும் சென்சாரும் வாங்க முடிந்தால் மேலும் கீழும் வைத்து, இரண்டும் ஒரு மைக்ரோ செகண்டுக்குள் அடித்தால் மட்டும் எண்ணுங்க; இதுதான் கோயின்சிடென்ஸ். இரண்டுமே நிமிடத்துக்கு 400 கசிந்தாலும் தற்செயல் ஜோடி நாளுக்கு எட்டு பக்கம்தான் வரும். ஆனால் இது ஒளிக்கசிவுக்குத்தான் மருந்து. சப்ளை நாய்ஸ் இரண்டையும் ஒரே நேரத்தில் தட்டும், அதனால் பதில் 2-ஐ முடித்துவிட்டு இதுக்கு வாங்க. சோதனை: தட்டுகளை ஒரு மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் வையுங்க. எண்ணிக்கை கிட்டத்தட்ட பூஜ்யமாகணும்.

கடல் மட்டத்தில் சதுர செ.மீ.க்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு ம்யூவான்; உங்க தட்டுக்கு 25. லேபில் வந்த 30 நியாயமான எண்தான். கோயின்சிடென்ஸில் அதைவிடக் குறையும், இடைவெளி கூடக்கூட இன்னும் குறையும். டிஸ்ப்ளேயில் ஒரு நிமிடக் கணக்கு வேண்டாம். 25 என்றாலே ஐந்து முன்னே பின்னே ஆடும், பார்க்கிறவங்க மெஷின் கெட்டுப்போச்சு என்பாங்க. பத்து நிமிடக் கூட்டுத்தொகை போடுங்க.