'ட்சூக்' பிடிபட்ட நாள்

ஜெர்மன் வகுப்பின் முதல் மாதத்திலேயே 'ட்சூக்' என்றால் ரயில் என்று படித்துவிட்டேன். டிரெஸ்டனில் இயந்திரவியல் முதுகலை சேர்ந்தபோது, செய்முறைப் பட்டியலில் 'ட்சூக்ஃபெர்சூக்' என்று இருந்தது. 'ஃபெர்சூக்' என்றால் சோதனை. ரயில் சோதனை என்று எண்ணிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். அங்கே விரல் பருமனில் ஓர் எஃகுத் துண்டை மேலும் கீழும் இரண்டு பிடிகள் கவ்விக்கொண்டிருந்தன. என் முகத்தைப் பார்த்த உதவியாளர், இரு கைமுட்டிகளையும் சேர்த்துவைத்து மெல்ல விலக்கிக் காட்டினார்.

இழுவிசைச் சோதனை! இயந்திரம் இழுக்க இழுக்கத் துண்டின் இடுப்பு மெலிந்துகொண்டே வந்து, அறை அதிரும்படி அறுந்தது. ஒரு முனை கிண்ணம்போல் குழிந்திருந்தது, மற்றது கூம்பியிருந்தது. தொட்டால் சூடு. எஸ்235 ரக எஃகு அது. அதன் இழுவலிமை, அதாவது அறுவதற்குமுன் தாங்கும் உச்ச இழுப்பு, 360 மெகாபாஸ்கலுக்கு (சதுர மில்லிமீட்டருக்கு 360 நியூட்டன் விசை) குறையக்கூடாது.

வேர்ச்சொல் 'ட்சீயன்', அதாவது இழுத்தல். எஞ்சின் இழுப்பதால் ரயில் ட்சூக். சிகரெட்டில் ஓர் இழுப்பும் ட்சூக். நாம் கோடு இழுக்கிறோம் அல்லவா, அப்படி இழுத்த கோடுகளாக முகச்சாயலும் 'ட்ஸ்யூகெ' என்று பன்மையில் வரும். ஜன்னல் வழியே ஊடுருவும் காற்றும் அதுவே. என் வீட்டுக்காரப் பாட்டி 'எஸ் ட்சீட்' (இழுக்கிறது) என்றபடியே வந்து கதவைச் சாத்துவார். 'இழு' என்று நினைத்துக்கொண்டால் பாதி அகராதி தானே திறக்கிறது. உங்களுக்கு எந்த ட்சூக் முதலில் எதிர்ப்பட்டது?

மறுமொழி 1

எனக்குச் சதுரங்கப் பலகையில். எதிரில் இருந்தவர் 'ஸீ ஸிண்ட் அம் ட்சூக்' என்றார். காய் நகர்த்த வேண்டியது நீங்கள் என்று பொருள். 'ட்சூக்ட்ஸ்வாங்' பள்ளி நாளிலேயே தெரியும்: எதை நகர்த்தினாலும் கெடும், நகர்த்தாமலும் இருக்க முடியாது. 1923இல் கோபன்ஹேகனில் ஸேமிஷை நிம்சோவிச் அப்படிக் கட்டிப்போட்ட ஆட்டம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் அந்தச் சொல்லை நகர்த்தல், கட்டாயம் என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தது அன்றுதான்.

மறுமொழி 2

நான் முதியோர் இல்லத்தில் செவிலியர். ஓர் இரவு, ஒரு பெரியவரின் மகள் தொலைபேசியில் தம்பியிடம், 'அப்பா கடைசி ட்ஸ்யூகெயில் இருக்கிறார்' என்று சொல்லி அழுதார். அந்தத் தொடரை அதற்குமுன் நான் கேட்டதில்லை. ஆனால் ஊரில் அப்பத்தா கிடந்தபோது 'இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது' என்று அம்மா சொன்ன அதே குரல். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

விடியற்காலையில் அவர் போனதும் உடன் பணிபுரிபவர் ஜன்னலைத் திறந்துவைத்தார். உயிர் வெளியேற வழிவிடுவது இங்கே பழைய வழக்கம். கதவும் திறந்திருந்ததால் குளிர்காற்று உள்ளே வந்தது. 'எஸ் ட்சீட், அப்பா' என்று மெல்லச் சொல்லி, மகள் போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டார்.