மாற்றுச் சிறுநீரகத்துக்குள் வெள்ளையணுக்கள் புகுந்தபோது: அனுபவப் பகிர்வு

சிறுநீரகம் பெற்றவர்:
அம்மா கொடுத்த சிறுநீரகத்தோடு இரண்டாண்டுகள் நலமாக இருந்த நான், வேலை நிமித்தம் வெளியூரில் தங்கியிருந்தபோது உடல் மாற்றுச் சிறுநீரகத்தைத் தாக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையை ஒரு வாரத்துக்கும் மேலாகச் சரிவர எடுக்கவில்லை. ஊர் திரும்பிப் பார்த்தபோது, சிறுநீரகம் வடிகட்டும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 1.2இலிருந்து 2.3 ஆகியிருந்தது. வலியோ காய்ச்சலோ இல்லை. மறுநாளே மல்லாந்து படுக்க வைத்து, ஸ்கேன் பார்த்தபடி வலது அடிவயிற்றில் ஊசியைச் செலுத்தி, நூல் துண்டு போன்ற திசுவை எடுத்தார்கள். வெள்ளையணுக்கள் உள்ளே புகுந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிராகரிப்பு தொடங்கிவிட்டதாக அறிக்கை வந்தது. மூன்று நாள் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை ஏற்றிய பிறகு கிரியாட்டினின் படிப்படியாக 1.4க்கு இறங்கியது. ரத்தத்தில் ஓடும் அணுக்கள் சிறுநீரகத்துக்குள் எப்படிப் புகுந்தன என்பதை மருத்துவர்கள் எவரேனும் விளக்க வேண்டுகிறேன்.

நோய்க்குறியியல் மருத்துவர்:
இத்தகைய திசுக்களை நுண்ணோக்கியில் பார்ப்பதே என் பணி. ரத்த ஓட்டத்தோடு விரைந்து போகும் டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள், அழற்சி கண்ட இடத்தில் ரத்த நாளச் சுவரிலுள்ள செலெக்டின் என்ற ஒட்டுப் புரதங்களில் ஒட்டியும் விடுபட்டும் உருண்டு, கெமோகைன்கள் என்ற அழைப்புப் புரதங்கள் தூண்டியதும் தம் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் புரதங்களால் சுவரை இறுகப் பற்றி, செல்களுக்கிடையேயான இடுக்கில் உடலை ஒடுக்கி வெளியேறுகின்றன. முள் குத்திய விரலுக்கு நியூட்ரோஃபில்கள் என்ற வேறு வகை வெள்ளையணுக்கள் வந்து சேர்வதும் ஏறத்தாழ இப்படித்தான். மாற்றுச் சிறுநீரகத்தில் டி செல்கள் மேலும் முன்னேறி, நுண்குழலின் அடிச்சவ்வைத் துளைத்து, குழல் செல்களுக்கு நடுவே கருநீல உருண்டைகளாக அமர்ந்திருக்கும். ஒரு குழலின் குறுக்குவெட்டில் அவை 10ஐத் தாண்டினால், நிராகரிப்பை அளவிடும் பான்ஃப் வகைப்பாட்டில் அது மிகக் கடுமையான படிநிலை.

அதே மேசையில் பெருங்குடல் புற்றின் திசு வந்தால், இதே அணுக்களை நம்பிக்கையோடு தேடுகிறேன். கட்டிக்குள் டி செல்கள் அடர்ந்திருந்தால் நோய் மீளும் வாய்ப்பு குறைவு என்று ஆய்வாளர் ழெரோம் கலோன் குழுவினர் 2006இல் காட்டினார்கள். சில கட்டிகளில் அவை விளிம்பிலுள்ள நார்த்திசுவிலேயே தேங்கி நின்றுவிடும். அதைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

குடல் அழற்சி நோயாளி:
பெருங்குடல் புண் அழற்சிக்காக நான் ஏற்றிக்கொள்ளும் வெடோலிசுமாப் என்ற மருந்து, வெள்ளையணுக்களைக் கொல்வதில்லை. அவை குடல் நாளங்களைப் பற்றப் பயன்படுத்தும் ஆல்ஃபா4 பீட்டா7 இன்டெக்ரினை மட்டும் மறிக்கிறது. முன்னர் வந்த நடாலிசுமாப் என்ற மருந்து, வெள்ளையணுக்கள் மூளைக்குச் செல்லும் வழியையும் அடைத்ததால், சிலருக்கு மூளையில் கொடிய வைரஸ் தொற்று ஏற்பட்டு, 2005இல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு கட்டுப்பாடுகளுடன் திரும்பியது. இந்த வேறுபாட்டை மருத்துவர் தாளில் வரைந்து காட்டிய பிறகே சம்மதித்தேன். பதினான்காம் வாரத்துக்குள் மலத்தில் ரத்தம் போவது நின்றது.